ஒரு கணினிக்கு ஏன் இரண்டு பேர்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு, அறிவியல் பாடவேளைகளில் சிலவற்றை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் படிக்கிறார்கள். அங்கே ஒரு கணினிக்கு இரண்டு பேரை உட்கார வைக்கிறோம். "கணினி பத்தலையா? ஆளுக்கு ஒன்று கொடுக்கக் கூடாதா?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். தட்டுப்பாட்டால் இப்படிச் செய்யவில்லை. ஆசிரியர்களும் நானும் யோசித்து எடுத்த முடிவு இது.

முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம், அதாவது மூன்று முனைகளையும் தொடும் வட்டத்தின் மையம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் காம்பஸ் வைத்து ஒரு முக்கோணம் வரைந்து, மையக்குத்துக்கோடுகள் (பக்கத்தின் நடுவில் செங்குத்தாக வரையும் கோடுகள்) போட்டு, மையத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பாடவேளையில் பெரும்பகுதி போய்விடும். வரைவதும் பெரும்பாலும் மூன்று கோணங்களும் 90 டிகிரிக்குக் குறைவான குறுங்கோண முக்கோணம்தான். அதில் மையம் உள்ளேயே விழும். ஜியோஜீப்ரா என்ற, திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கும் கணக்கு மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மையமும் கூடவே நகரும். ஒரே நிமிடத்தில் விதவிதமான முக்கோணங்களைப் பார்த்துவிடலாம்.

ஆனால் எங்கள் கணக்கு ஆசிரியர் உடனே இழுக்க விடுவதில்லை. "ஒரு கோணம் 90 டிகிரியைத் தாண்டினால் மையம் எங்கே போகும்? ரெண்டு பேரும் பேசி முதலில் நோட்டில் எழுதுங்கள்" என்பார். அப்படி ஒரு வகுப்பில் இரண்டு மாணவிகளின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "இவ்வளவு நேரமும் உள்ளேதானே இருந்துச்சு, இனிமேலும் உள்ளேதான் இருக்கும்" என்றாள் ஒருத்தி. "இல்லடி, கோடு சாயுற பக்கத்தைப் பாரு, வெளியே போயிடும்" என்றாள் மற்றவள். இழுத்துப் பார்த்தார்கள். சரியாக 90 டிகிரியில் மையம் கர்ணத்தின் (90 டிகிரிக்கு எதிரே உள்ள பக்கத்தின்) நடுவில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் வெளியே போய்விட்டது. முதல் பெண் அதோடு விடவில்லை. "வெளியே போன புள்ளியை வச்சு வரைஞ்ச வட்டம் எப்படி மூணு முனையையும் தொடுது?" என்று கேட்டாள். அடுத்தவளால் பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் மையத்திலிருந்து மூன்று முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். மூன்றும் சமம். தூரம் சமமாக இருந்தால் போதும், மையம் உள்ளே இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை அவர்களே பேசிப் பிடித்துவிட்டார்கள்.

தனியாக உட்கார்ந்திருந்தால் "ஓ, வெளியே போகுது" என்று பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள். பக்கத்தில் மறுத்துப் பேச ஒருத்தி இருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது.

சும்மா சேர்த்து உட்கார வைத்தால் இது நடக்காது. கை வேகமான பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும், மற்றது வேடிக்கை பார்க்கும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: மவுஸ் ஒருவர் கையில், என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மற்றவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மூன்று பேராகவும் உட்கார வைப்பதில்லை, ஒருவர் ஒதுங்கிவிடுகிறார்.

"என் மகள் நன்றாகப் படிக்கிறவள். அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே அவள் நேரம் போய்விடாதா?" என்றும் ஒரு தாய் கேட்டார். நியாயமான கவலைதான். ஆனால் விடை தெரிவதும், அது ஏன் சரி என்று இன்னொருவருக்குப் புரிய வைப்பதும் வேறு வேறு. சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எங்கே தெளிவில்லை என்பது பிடிபடும். ஜோடிகளையும் அடிக்கடி மாற்றுகிறோம்.

எல்லா மென்பொருளும் சேர்ந்து படிக்க உதவாது. நாலு விடையில் ஒன்றைத் தட்டினால் மதிப்பெண் வரும் வகையில், ஒருவர் தட்டுவார், பேச்சே இருக்காது. விடையைச் சொல்லாமல், செய்து பார்க்க விடுகிறவற்றையே தேர்ந்தெடுக்கிறோம். ஜியோஜீப்ரா அப்படிப்பட்டது. 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கினார். நம் கணக்குப் பாடநூலின் இணையச் செயல்பாடுகளிலும் அது வருகிறது. அறிவியலுக்கு ஃபெட் என்ற, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் பிள்ளைகள் மின்சுற்று அமைக்கலாம். தப்பாக இணைத்து ஷார்ட் சர்க்யூட் ஆனால் மின்கலம் திரையில் தீப்பிடிக்கும், யாருக்கும் ஆபத்தில்லை. இரண்டுமே மாணவர்களுக்கு இலவசம்.

அப்புறம் ஒரு முக்கியமான செய்தி. கட்டணச் செயலி எதையும் வாங்கும்படி பள்ளி சொல்லவில்லை. தவணையில் பணம் கட்டலாம், பள்ளியில் சொல்லித்தான் வருகிறோம் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம், எனக்குத் தகவல் கொடுங்கள். தேர்வில் கையால்தான் வரைய வேண்டும். எனவே காம்பஸ், ஸ்கேல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று ஆய்வகம் திறந்திருக்கும். ஒரு கணினிக்கு இரண்டு பெற்றோராக உட்கார்ந்து இதே முக்கோணத்தை நீங்களும் இழுத்துப் பாருங்கள். பிள்ளைகள் அருகில் இருந்து உதவுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேறு நாளில் வர விரும்பினால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்