ஷவல் பக்கத்தில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். "அதுல பொண்ணு மூஞ்சியே தெரியல, என்னத்தப் பார்க்கிறீங்க" என்று உன் அம்மா கேட்டாள். உன் முகம் தெரியவில்லைதான். உன் சுரங்கத்தில் மண்ணை அள்ளுகிற ஷவல் தெரிந்தது, அதை ஏற்றிப் போகிற டம்பர் லாரி தெரிந்தது, தரையும் தெரிந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் "சரிப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய்.

ஷவல் ஆபரேட்டர் மெதுவாக லோடு பண்ணுகிறார், ஷிப்டுக்கு வர வேண்டிய டம்பர் கணக்கு வரவில்லை, அவர் பெயரை ரிப்போர்ட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுத வேண்டியிருந்தால் எழுது, அது உன் வேலை. ஆனால் ஷவல் தாமதமானால் முக்கால்வாசி காரணம் கேபினுக்கு வெளியேதான் இருக்கும். வெளியே இருப்பதைச் சரிபண்ண வேண்டியது ஷிப்டை மேற்பார்க்கிற ஓவர்மேனும் நீயும். முதலில் அதைப் பார்த்துவிடு.

நான் சம்பாதித்துப் பிழைத்தது பக்கெட் வீலில், சக்கரத்தைச் சுற்றி வாளி மாட்டிய மெஷின் அது. சத்தீஸ்கரில் உங்கள் கோர்பா பக்கத்து ஆட்களுக்கு அது வேற உலகம். நெய்வேலியில் 1957-இல் மண் தோண்ட ஆரம்பித்து, பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆகிவிட்டது. ஒரு டன் கரிக்கு 5 முதல் 6 கன மீட்டர் மேல்மண்ணை எடுத்துக் கொட்ட வேண்டிய பூமி இது. அதற்குத்தான் ஜெர்மன்காரன் மெஷின். எங்களுடைய பெரிய மெஷினில் ஒரு வாளி 1,400 லிட்டர், அவ்வளவுதான். உன் ஷவல் வாளி 10 கன மீட்டர், லிட்டர் கணக்கில் 10,000. கேட்டால் நீதான் பெரிய ஆள். ஆனால் என் சக்கரம் நிற்காது. வாளி வாளியாகச் சுரண்டிக்கொண்டே இருக்கும், மண் பெல்ட்டில் விழும், பெல்ட் கொண்டுபோய் ஸ்ப்ரெடரில் சேர்க்கும், ஸ்ப்ரெடர் கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டும். எங்கேயாவது ஒரு பெல்ட் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வரிசையாக நிற்கும். மழைக்காலத்தில் களிமண் ஷூட்டில், அதாவது மண் பெல்ட்டில் விழுகிற சரிவு வாயில், ஒட்டிக்கொண்டு அடைத்தால் அன்றைக்கு மொத்த சிஸ்டமும் போச்சு.

உன் ஷவல் அப்படியில்லை. அது ஒவ்வொரு வாளிக்கும் நின்று நின்றுதான் வேலை செய்யும். முகப்பில், அதாவது தோண்டுகிற மண்சுவரில், குத்தி நிரப்பு, தூக்கு, திரும்பு, கொட்டு, வெறும் வாளியோடு திரும்பி வா. எல்லாம் சேர்த்து 30, 35 விநாடி. இதில் நேரம் களவு போகிற இடம் அந்தத் திரும்பல். உன் வீடியோவில் டம்பர் எங்கே நின்றது என்று பார்த்தாயா? கிட்டத்தட்ட ஷவலுக்குப் பின்பக்கம். ஆபரேட்டர் பாவம், ஒவ்வொரு வாளிக்கும் அரைவட்டத்தில் முக்கால்வாசி சுற்றுகிறார். டம்பரை 90 டிகிரிக்குள், முடிந்தால் இன்னும் கிட்டத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார். வாளிக்கு 6 விநாடி கூடுதலாகப் போகிறது என்று வை. வெடித்த மண் 10 கன மீட்டர் வாளியில் ஏறத்தாழ 15 டன் வரும், ஆக 100 டன் டம்பருக்கு 7 வாளி. டம்பர் ஒன்றுக்கு 42 விநாடி போச்சு. மணிக்கு 12 டம்பர் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல். ஷிப்டு முழுக்கச் சேர்த்தால் ஒரு மணி நேரம் கரைந்திருக்கும், யாரும் சோம்பேறித்தனம் பண்ணாமலே. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நீ அவர் பெயரை எழுதப் பார்க்கிறாய்.

டம்பர் ஏன் அங்கே போய் நிற்கிறது? டிரைவருக்கு ஆசையா என்ன? தரை சரியில்லை. ஷவலின் பக்கத்தில் சிந்திய கல் அப்படியே கிடக்கிறது, உன் வீடியோவிலேயே தெரிகிறது. கல்மேல் ஏற்றினால் டயர் கிழியும். அந்த டயர் என்ன விலை என்று டிரைவருக்குத் தெரியும், அவன் ஒதுங்கித்தான் நிற்பான். தரையைத் தள்ளிச் சமப்படுத்துகிற டோசர் எங்கே? சுரங்கத்தின் வேறு படிக்கு, வேறு பெஞ்சுக்குப் போயிருக்கும். ஷிப்டு ஆரம்பத்தில் அரை மணி நேரம் டோசரை ஷவல் காலடியில் விட்டுத் தரையைச் சுத்தம் பண்ணச் சொல். இடம் இருந்தால் ரெண்டு பக்கமும் டம்பர் நிற்கிற மாதிரி பண்ணு. ஒன்று நிரம்பும்போதே அடுத்தது மறுபக்கம் ரிவர்ஸ் எடுத்துத் தயாராக நிற்கும். அதற்கு ஷவலுக்குக் கரண்ட் கொண்டுவருகிற கேபிள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 6,600 வோல்ட் ஓடுகிற கேபிள் அது, டம்பர் சக்கரம் பக்கத்திலேயே வரக் கூடாது.

அடுத்தது வெடி. பிளாஸ்டிங் சரியாக உடையாமல் அடியில் உடையாத பாறைக் கட்டை விட்டிருந்தால் வாளி உள்ளே இறங்காது. மோட்டார் முனகும், வாளி பாதி நிரம்பி மேலே வரும், அவர் இன்னொரு தடவை குத்துவார். வாளி நிரம்பாமல் போனால் 7 வாளி 9 ஆகிவிடும். பெரிய பாறையை இழுத்து ஓரமாகப் போடுகிற நேரமும் அவர் கணக்கில்தான் விழும். இப்படி நடந்தால் நீ எழுத வேண்டியது பிளாஸ்டிங் ஆட்களுக்கு. எத்தனை பாறை ஒதுக்கினார், எந்த இடத்தில் அடி கெட்டியாக இருந்தது என்று இடத்தோடு எழுது. "மோசமான வெடி" என்று மொட்டையாக எழுதினால் சண்டைதான் வரும்.

பக்கத்தில் கெவ்ரா சுரங்கத்தில் 42 கன மீட்டர் ஷவல், 240 டன் டம்பர் இருக்கிறது, நாங்கள் இன்னும் சின்ன மெஷினோடு மல்லுக்கட்டுகிறோம் என்று ஒரு தடவை அலுத்துக்கொண்டாய். அதுவும் நாலு வாளியில்தான் ஒரு டம்பரை நிரப்புகிறது. பெரிய அண்டாவை டீ ஸ்பூனால் நிரப்பக் கூடாது, டீ கிளாஸில் பெரிய கரண்டியைக் கவிழ்க்கவும் கூடாது, அவ்வளவுதான் விஷயம். உன்னுடைய 10 கன மீட்டர் வாளிக்கு 100 டன் டம்பர் பொருத்தமானதுதான், கொஞ்சம் கூடுதல் வாளி ஆகும், போகட்டும். மெஷின் பெரிதாகப் பெரிதாக நிற்கும் நிமிடத்தின் நஷ்டமும் பெரிதாகும். அதை யாரும் சொல்வதில்லை.

பெரிய மெஷின் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில் பாகர் 288 என்று ஒரு பக்கெட் வீல். 2001-இல் ஒரு சுரங்கத்தில் வேலை முடிந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியிருந்தது. 22 கிலோமீட்டர், மூன்று வாரம் நடந்தே போனது, ஆற்றையும் நெடுஞ்சாலையையும் தாண்டி. எங்கள் செட்டில் யாராவது "மெஷினைக் கொஞ்சம் நகர்த்திடலாமே" என்று லேசாகச் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லித்தான் வாயை அடைப்போம். உன் ஷவலையும் ஆசைப்பட்ட நேரத்துக்கு அங்கே இங்கே நடக்க வைக்க முடியாது. வேலையை அதன் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இப்போது அப்பா பேச்சு. இதை மட்டும் தட்டாமல் கேள்.

ஷிப்டு ஆரம்பத்தில் வாளியைத் தரையில் இறக்கச் சொல்லி டார்ச் அடித்து, வாளி விளிம்பில் மாட்டியிருக்கிற இரும்புப் பல்லை எண்ணு. எங்கள் மணற்பாறையில் புதுப் பல் மாட்டினால் முனை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழுங்கிவிடும். தேய்ந்த பல் கீழ்ப்பக்கம் தட்டையாகி, ஓரம் கத்தி மாதிரி பளபளக்கும், விரலை வைத்துப் பார்க்காதே. பல்லைப் பிடித்திருக்கிற ஆணி தளர்ந்திருந்தால் பல்லை ஆட்டினாலே ஆடும். ஒரு பல் கழன்று கரியோடு போனால் நேரே கரியை நொறுக்குகிற கிரஷருக்குள் விழும். எங்களுக்கு பெல்ட் பயம். ஷூட்டில் இரும்பு குறுக்கே சிக்கினால் பெல்ட்டை நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போகும், யாராவது பெல்ட் ஓரத்து அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்துகிற வரைக்கும்.

வாளி டம்பர் டிரைவர் கேபின் மேலே போகக் கூடாது, பின்பக்கமாகத்தான் வர வேண்டும். முதல் வாளி பொடி மண்ணாக இருக்கட்டும், பாறையை வெறும் தொட்டியில் போட்டால் டிரைவர் முதுகெலும்பு போய்விடும். ஷவல் ஆபரேட்டர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார், மறுபக்கம் அவருக்கு எதுவும் தெரியாது. நீ அந்தப் பக்கம் போகவே கூடாது. போக வேண்டியிருந்தால் அவரிடம் சொல்லி, வாளி தரையில் இறங்கி, அவர் கையைக் காட்டிய பிறகு போ. முகப்பு ஷவல் எட்டும் உயரத்தைத் தாண்டி வளர்ந்தால், மேலே தொங்குகிற மண்ணுக்குக் கீழே நின்று போன் பேசாதே. உன் வீடியோ எடுத்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொல்லாமலே உனக்குப் புரிந்திருக்கும்.

நைட் ஷிப்டு பற்றி உன் அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள். என் காலத்தில் சட்டமே விடாது, இரவு ஏழு மணிக்கு மேல் சுரங்கத்தில் பெண் இருக்கக் கூடாது என்று இருந்தது. 2019-இல்தான் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அந்தத் தடையை எடுத்தார்கள். எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்கள். மற்ற இருவர் லீவு போட்டால் நீ தனியாக நின்று சமாளிக்காதே, கேட்டு வாங்கு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அந்த ஆபரேட்டரை நீ ஜி போட்டுத்தானே கூப்பிடுகிறாய்? டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜி, டம்பர் எங்கே நின்றால் உங்களுக்கு வசதி?" என்று கேள். காலை நீட்டிக் கல்லை எடுத்துத் தரையில் படம் போட்டுக் காட்டுவார். பழைய ஆள் எல்லாரும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேபிள் எந்தப் பக்கம், டம்பர் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல். டிகிரி எல்லாம் வேண்டாம், கணக்கை நான் போட்டுக்கொள்கிறேன்.

அப்பா
நெய்வேலி