சுருங்கும் கேன்

பர்ட்டன் அபான் டிரென்ட், இங்கிலாந்து,
ஞாயிறு மாலை

டேய் முருகேசா,

உன் மெயில் எல்லாம் வந்தது. கடைசி மெயிலில் இருந்த வசவுகளை நளினிக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இங்கே எல்லோரும் சுகம். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மூத்தவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி முடிவானதும் முதல் போன் எனக்கு வர வேண்டும். தாடிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அவன் எப்படியும் மூன்றாம் நம்பர் மெஷின் மாதிரி லேட்டாகத்தான் வருவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நான் காய்ச்சும் பீரை ஊற்றி வைக்கிற பாலிபின் என்கிற சுருங்கும் கேன்தான் விஷயம். "கண்ணாடி பாட்டில்தானேடா மரியாதை, பீரை எதுக்கு பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி வைக்கிற?" என்று அன்றைக்குக் கேட்டாய். அம்பத்தூரில் இத்தனை வருஷமாக பிளாஸ்டிக் ஜாரும் பாட்டிலும் ஊதி விற்றுப் பிழைக்கிறவன் கேட்கிற கேள்வியாடா இது! கிண்டியில் நம் இருவருக்கும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக் கொடுத்தார்.

கண்ணாடிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சுவார். சர்க்கரையைத் தின்று வாயு விடுகிற ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பாட்டிலில் அடைத்து, நுரைக்காகப் போடும் சர்க்கரையையும் போட்டு, கார் ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தார். போன மாதம் வெயில் கொஞ்சம் ஏறிய நாளில் ஒன்று வெடித்தது. அதன் சில்லு பட்டுப் பக்கத்துப் பாட்டிலும் வெடித்திருக்கிறது. மனிதர் அந்த நேரம் பார்த்து உள்ளே போயிருக்கிறார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. தையல் போட்டு விரல்கள் பழையபடி மடங்குகின்றன, அதுவே பெரிய விஷயம். கண் தப்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

சோடாவுக்குச் செய்த பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் 10 பார் வரைகூடத் தாங்கும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு. தாங்காவிட்டாலும் பிளந்து கொட்டும், கண்ணாடி மாதிரி சில்லு பறக்காது. அதைவிட எனக்குப் பிடித்தது, கையால் அமுக்கியே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அடைத்த அன்றைக்குக் குழையும், நாலைந்து நாளில் விறைக்கும். கல் மாதிரி ஆகிவிட்டால் மூடியைத் துளி தளர்த்திவிட்டுத் திரும்ப இறுக்கலாம். கிரௌன் மூடி, அதாவது நெளிந்த விளிம்புத் தகர மூடி போட்ட கண்ணாடியில் இது எதுவும் நடக்காது. தண்ணீர் பாட்டில் மட்டும் கூடாது, அதன் சுவர் அழுத்தத்துக்குச் செய்ததில்லை. ஆரஞ்சு சோடா இருந்த பாட்டிலும் வேண்டாம். ஊறுகாய் டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்தாற்போல, எத்தனை கழுவினாலும் அந்த வாசனை போகாது. வெறும் சோடா இருந்ததுதான் சரி, அதிலும் பழுப்பு நிறம் கிடைத்தால் விடாதே. வெளிச்சம் பட்டால், பீரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து ஒரு நாற்றம் வரும், பழுப்பு அதைத் தடுக்கும்.

கழுவுவதற்குக் கொதிநீர் ஊற்றக்கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். 70 டிகிரியை நெருங்கினால் பெட் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன் நீ. ஆனால் இங்கே காய்ச்சுகிறவர்களில் பாதிப் பேர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இன்னொரு பாதி பாத்திரம் தேய்க்கும் நாரை உள்ளே விட்டுத் தேய்க்கிறது. அந்தக் கீறலுக்குள்தான் பீரைப் புளிக்க வைக்கும் கிருமி குடியேறும். எந்த மருந்தும் அங்கே எட்டாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோடியம் பெர்கார்பனேட் என்கிற கறை போக்கும் பவுடரைப் போட்டு ஊற விட்டு, அலசினால் போதும். நார் பட்ட பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இதெல்லாம் பாட்டில் சமாச்சாரம். நான் எழுத உட்கார்ந்தது பாலிபின்னைப் பற்றி.

உனக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். கனசதுரமாக, மெல்லிய எல்டிபிஇ-யில், அதாவது வளைந்துகொடுக்கும் பாலித்தீனில், ஊதிய கேன், ஒரு மூலையில் குழாய். 36 பைண்ட், அதாவது இருபது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். இங்கே மரப்பீப்பாய் அளவுகளில் 'பின்' என்று ஒன்று உண்டு, அதே கொள்ளளவு. காலியானால் மடித்து அட்டைபோல் வைத்துவிடலாம். அட்டைப்பெட்டிக்குள் உட்கார்த்தி மேசை ஓரத்தில் வைத்தால் கடை திறந்த மாதிரிதான்.

இதன் அருமை எனக்கு ஒரே நாளில் புரிந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் ஐயாவும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனதைப் போன சனிக்கிழமை தோட்டத்தில் கொண்டாடினார்கள். பீர் என்னுடையது. முந்தைய வாரமே அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டேன், கசடு அடியில் படிய வேண்டுமே. விழா அன்று வெயில். கேன் மேல் நனைத்த துண்டைப் போர்த்தி வைத்தேன். இந்த வகை பீருக்கு 12 டிகிரி போதும். ஐஸில் வைத்தால் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் வாசனையே எழும்பாது.

முதல் கிளாஸ் பிடிக்கும்போது கேன் விம்மிக்கொண்டு நின்றது. ஊற்ற ஊற்ற மேல்பக்கம் குழிந்தது, அப்புறம் பக்கவாட்டுச் சுவர்கள் உள்ளே சாய்ந்தன. நாலு மணிக்குப் பார்த்தால் கேன் தன் மேலேயே மடங்கிக் கிடக்கிறது, உள்ளே பீர் மட்டும்தான், ஒரு பொட்டுக் காற்றில்லை. எண்பதைத் தாண்டிய அந்த ஐயா, இந்த ஊர் பீர் ஆலையில் பீப்பாய்க் கிடங்கில் வேலை பார்த்தவர். கடைசி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குடித்தார், "முதலில் குடித்தது மாதிரியே இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒரு சர்டிபிகேட் எனக்குத் தேவையில்லை.

ஏன் அப்படி என்று யோசித்துப் பார். மரப்பீப்பாயில் பீர் இறங்க இறங்க வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்ஸிஜன் பட்டால் பீர் ஈர அட்டையைக் கடித்தாற்போல ஆகிவிடும், திறந்த பீப்பாயை மூன்று நாலு நாளில் தீர்த்தாக வேண்டும். இரும்புப் பீப்பாயில் அந்த இடத்தை கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்து நிரப்புகிறார்கள். பீரில் அந்த வாயு மிகுதியாகி நாக்கில் குத்தும் என்று அதை எதிர்க்கிறவர்கள் 1971-இல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள், கேம்ரா என்று பெயர், இன்றைக்கும் இருக்கிறது. இந்தச் சண்டை எதுவும் பாலிபின்னுக்குத் தேவையே இல்லை. சிலிண்டரும் வேண்டாம், காற்றும் உள்ளே போகாது. பாத்திரம்தான் சுருங்குகிறதே!

அட்டைப்பெட்டிக்குள் பை வைக்கிற யோசனையை 1955-இல் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் கொண்டுவந்தபோது, உள்ளே போனது பாட்டரி ஆசிட். திராட்சை ஒயினெல்லாம் அப்புறம்தான், ஆஸ்திரேலியாவில், பத்து வருஷம் கழித்து. நாம் பரிட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, 1933, வின்னிங்டன், பாலித்தீன், அந்த ஊர் இங்கிருந்து காரில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம். 1941-இல் பெட் கண்டுபிடித்த விண்ஃபீல்டும் டிக்சனும் வேலை பார்த்த கம்பெனியின் ஊரான மான்செஸ்டரும் பக்கம்தான். நமக்குச் சோறு போடுகிற இரண்டு பிளாஸ்டிக்கும் பிறந்த மண், அதற்குப் பக்கத்திலேயே பீருக்குப் பேர்போன பர்ட்டன். 1820-களில் இங்கிருந்துதான் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் பீர் போனது, நம் மெட்ராசுக்கும் சேர்த்து. இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், கசப்பை எடுத்துக் காட்டும். நான் குழாய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக்கொள்கிறேன்.

நிறைய பேசுகிறேன் என்று தெரிகிறது. எனக்கு இதை வேறு யாரிடமும் பேச முடிவதில்லைடா.

ஒன்று சொல்ல வேண்டும். நம் நண்பன் சேகரை நினைத்துக்கொள்ளாமல் ஒரு முறைகூட நான் ஈஸ்ட் போட்டதில்லை. அவனை எரித்துவிட்டு வந்த ராத்திரி நீ போனில் அழுதாய், "இனிமே எவனாவது குடின்னு பேச்செடுத்தா செருப்பாலடிப்பேன்" என்றாய். அதனாலேயே இவ்வளவு நாள் உன்னிடம் இதைப் பற்றி எழுதத் தயங்கினேன். சேகர் குடித்தது ருசிக்கு இல்லை, உனக்கும் எனக்கும் தெரியும். அவன் மனைவி அந்த இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடும் தெரியும். என் வீட்டில் கேன் நிறைய இருக்கிறது, சனிக்கிழமை ஒரு பைண்ட், மிஞ்சினால் இரண்டு. நளினி கண்காணிக்கிறாள், அவள் கண்காணிக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்டுக்கொண்டேன். சேகரின் சின்னவன் காலேஜ் பணம் எவ்வளவு என்று விசாரித்து எழுது. இந்த வருஷமும் நம் பங்கு போக வேண்டும்.

இன்னொன்று. "நம்ம யூனிட்லயே ஒரு கேன் ஊதி நானும் போட்டுப் பாக்கட்டுமா" என்று விளையாட்டாகக் கேட்டாய் பார், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். இங்கே 1963 பட்ஜெட்டிலேயே வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள், விற்காத வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, வீட்டில் காய்ச்சினால் குற்றம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் ஏறுகிற வேலையெல்லாம் நமக்கு எதற்கு?

எனக்கு உன்னிடம் வேண்டியது வேறு. இந்தக் கேன் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தான், ஆனால் மடிக்க மடிக்க மூலையில் போய்விடுகிறது. மூன்று மடிப்பும் சேருகிற இடத்தில் முதலில் வெள்ளை பாய்கிறது, அப்புறம் ஊசி முனை அளவு ஓட்டை. பீர் சொட்டினால்தான் தெரிகிறது, அதற்குள் காற்று உள்ளே போயிருக்கும். கழுவியதும் மடிக்காமல், ஊதி அப்படியே பரணில் போட்டால் ஆயுசு கூடுகிறது, ஆனால் இந்த வீட்டில் பரண் எவ்வளவு என்று நீயே பார்த்திருக்கிறாய். நல்ல கேனைக் குப்பையில் போடும்போது எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மூலைதானே போயிற்று, மற்றதெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது.

சுவரைத் தடிமனாக்கினால் என்ன என்பாய். தடிமனானால் சுருங்காது, சுருங்காவிட்டால் காற்று உள்ளே போகும், பிறகு பாலிபின் எதற்கு? எல்டிபிஇ-யைவிட வலுவான பாலித்தீனான எல்எல்டிபிஇ கலந்தால் மடிப்பு தாங்கும் என்று தோன்றுகிறது. ஈவிஏ என்கிற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக் கொஞ்சம் சேர்த்தாலும் தாங்கும், ஆனால் வாசனை பீரில் இறங்குமா, ஆக்ஸிஜன் இன்னும் சுலபமாக நுழையுமா என்பதுதான் என் கவலை. பாலித்தீன் ஏற்கெனவே ஆக்ஸிஜனை பெட்டைவிடப் பல மடங்கு விடுகிறது. அதனால்தான் இதில் நிரப்பியதைச் சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டியிருக்கிறது, மாதக்கணக்கில் வைக்க பெட் பாட்டில்தான். மோல்டில், அதாவது கேன் ஊதும் அச்சில், அந்த மூலையை மட்டும் கொஞ்சம் உருட்டிவிட்டால் மூன்று மடிப்பு ஒரே புள்ளியில் வராமல் போகுமா? இதை உன்னைவிட யார் சொல்ல முடியும்?

அப்படி ஓட்டை விழுந்த ஒரு கேனை மூலையை வெட்டாமல், வட்டம் போட்டு, பார்சலில் அனுப்புகிறேன். வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார். வெள்ளையாகப் போன இடம் மெலிந்திருக்கிறதா, இல்லை பிளாஸ்டிக்கே களைத்துவிட்டதா என்று சொல். உணவுக்கான கிரேடில், கலர் எதுவும் போடாமல் இரண்டு மூன்று மாதிரி ஊதித் தண்ணீர் நிரப்பி மடித்து மடித்துப் பார்த்தால் போதும். மோல்டுக்கு ஆகிற செலவை எழுது, பணம் அனுப்புகிறேன். "நண்பன்கிட்ட போய்" என்று ஆரம்பிக்காதே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

தாடி நம்பர் மாறிவிட்டதாமே, புதுசை அனுப்பு. சாந்தியை விசாரித்ததாகச் சொல். கல்யாணத் தேதி சித்திரையில் வேண்டாம், எனக்கு லீவு வைகாசியில்தான் கிடைக்கும்.

உன்,
பாலு