தள்ளாடியதற்கு வருந்த வேண்டாம்

அன்புடையீர்,

நிலைகுலையாமல் நிற்பதற்கு நம் கவனம் எவ்வளவு செலவாகிறது என்பதை மூளை மின்னலைகளின் வழியே அறிய முயலும் என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, கடந்த சில மாதங்களில் ஆய்வகத்திற்கு வந்து உதவிய மூத்தோர் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பதிவு முடிந்து, மூளை அலைகளைப் பதியும் மின்முனைகள் கொண்ட தொப்பியைக் கழற்றும்போது உங்களில் பலர், "சரியா நிக்க முடியல தம்பி, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சென்றீர்கள். அந்த மன்னிப்பை நான் ஏற்பதற்கில்லை. நிற்பது கடினமாகும்போது, முன்மண்டையின் நடுக்கோட்டில் நொடிக்கு 4 முதல் 8 முறை எழும் தீட்டா அலைகள் வலுப்பெறுகின்றன. நீங்கள் வெட்கப்பட்ட அந்தத் தள்ளாட்ட நொடிகளைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியோர், பின்னாளில் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்தே இந்தக் கேள்வி எனக்குப் பிடிபட்டது. நிற்பதும் நடப்பதும் தாமாக நிகழ்பவை அல்ல, அவற்றுக்கும் மூளை விலை கொடுக்கிறது என்பதை அந்தச் சிறு கவனிப்பு காட்டியது.

தலைக்குக் குளித்து, எண்ணெய் தேய்க்காமல் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தடவிப் பழகிய உங்களுக்கு அது சிறிய வேண்டுகோள் அன்று. மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை நாடாவால் அளந்து உச்சியைக் குறித்தபோது, "ஜாக்கெட்டுக்கா அளவெடுக்கிறீங்க?" என்று ஓர் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு மின்முனையின் கீழும் கூந்தலை விலக்கி ஜெல் இட்டோம். பல்லைக் கடித்தாலே தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மெல்லிய அலைகளை மூழ்கடித்துவிடும் என்பதால், ஒரு பெரியவர் பதிவு முடியும்வரை வெற்றிலையையே துறந்தார்.

ஏன் இத்தனை முறை அதே ஒலியைக் கேட்க வைத்தீர்கள் என்று பலர் வினவினீர்கள். வழக்கமான ஒலிகளுக்கு இடையே அரிதாக வரும் வேறோர் ஒலியைக் கவனித்தால், ஏறத்தாழ 300 மில்லிநொடிகளுக்குப் பின் மூளையில் ஓர் அலை எழும். கண்ணை மூடி நுரைமெத்தை மேல் நிற்பதற்கே கவனம் போய்விட்டால், அந்த அலை சிறுக்கும் என்பதே எங்கள் அளவையின் அடிப்படை. ஆனால் அது சில மைக்ரோவோல்ட் உயரமே உடையது; மூளையின் வழக்கமான சலசலப்பு அதைவிடப் பன்மடங்கு பெரியது. பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் அது தலைகாட்டும். உங்கள் பொறுமையில்தான் அந்த அலை தெரிந்தது என்பது மிகையன்று.

மளிகைக் கடை நடத்திய ஐயாவுக்குத் தனி நன்றி. தொடக்கத்தில், நிற்கும்போதே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியிருந்தோம். அவர் 93, 86, 79 என்று, மூட்டைக் கணக்குச் சொல்வதுபோலத் தடையின்றி ஒப்பித்தார். ஒருவருக்குச் சுமையாக இருப்பது மற்றவருக்கு விளையாட்டு என்பதை அன்றுதான் உணர்ந்து ஒலிக்கு மாறினோம்.

மின்விசிறியின் மின் இரைச்சல் பதிவில் கலக்காதிருக்க அதை நிறுத்தினோம். வியர்த்தாலோ பதிவே மெதுவாக நகரத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் இடையே, பதிவுகளுக்கு நடுவே விசிறிவிட்ட இளநிலை மாணவர்களுக்கும், விழுந்தால் தாங்குவதற்காக உங்கள் பின்னால் கை நீட்டியபடியே நின்றவர்களுக்கும், கைப்பிடிச் சட்டத்தைச் செய்து தந்த தச்சருக்கும் கடமைப்பட்டுள்ளேன். ஒருநாள் முழுப் பதிவையும் சேமிக்க மறந்தது என் பிழை. அந்த அம்மா மறுவாரம் மீண்டும் தலைக்குக் குளித்து வந்து, ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல் நின்றார்கள்.

பதிவுகளில் உங்கள் பெயர் இல்லை; எண்கள் மட்டுமே உண்டு. தம் அலைகளைத் திரையில் பார்க்க விரும்புவோர் பிற்பகலில் வரலாம். கண்மூடி நிற்பதற்கு முன் யாரோ கழற்றி வைத்த கறுப்புச் சட்ட மூக்குக் கண்ணாடி ஒன்றும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உரியவர் வரும்வரை துடைத்து வைத்திருப்பேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவன்