கர்ணன் வேஷம்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல், மழை, மாம்பழம் என்று ஏதோ பேசி மழுப்பிவிட்டேன். உன் மேலதிகாரி ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் அழவிட்டார், உனக்கு வேலை வாங்கிக் கொடுத்த மனுஷன் என்பதால் நீ வாயைத் திறக்கவில்லை என்றாயே, அதைத்தான் சொல்கிறேன்.

ஓமலூர் பக்கம் உன் பெரியப்பா ஊரில் மூன்று ராத்திரி கூத்து. முதல் நாள் துகிலுரிதல். துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, பாஞ்சாலி வேஷம் கட்டியவர் காலில் விழுந்தார். அந்தப் பாஞ்சாலியும் மீசை மழித்த ஆண்தான். கெட்டவனாக ஆடுகிறவருக்கே அவ்வளவு பயம். ஆனால் என் கண் கர்ணன் மேலேயே இருந்தது.

எனக்குக் கர்ணன் என்றால் உயிர், உனக்குத் தெரியும். கவச குண்டலத்தையே அறுத்துக் கொடுத்தவன். ஆனால் அந்தச் சபையில் நியாயம் பேசியவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். நூறு பேரில் அவன் ஒருத்தன்தான். 'சின்னப் பயல் உனக்கென்ன தெரியும்' என்று அவனை அடக்கியது கர்ணன்! பீஷ்மரும் துரோணரும் சும்மாவாவது உட்கார்ந்திருந்தார்கள். இவன் துகிலை உரியச் சொல்லிக் குரலும் கொடுத்தான்.

கடைசி ராத்திரி கர்ண மோட்சம். கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி சண்டை, கோமாளியாக வரும் கட்டியக்காரன் கேலி எல்லாம் முடிந்து, விடியும் நேரத்தில் கண்ணன் பிராமணக் கிழவனாக வந்து புண்ணியத்தைக் கேட்க, கர்ணன் ரத்தத்தால் தாரை வார்த்தான். பக்கத்தில் கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு முதல் தடவையாக அழுகை வரவில்லை. யார் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவன் அவன். அங்க நாட்டைக் கொடுத்த நண்பனிடம் மட்டும் எப்படி 'வேண்டாம்' என்பான்? செஞ்சோற்றுக் கடன் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதுதான் சபையில் அவன் வாயில் அப்படி வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ கல்லூரியில் சேர்ந்தபோது, நான் வேலை பார்த்த செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறை முதலாளி உன் பீஸை வட்டியில்லாமல் கொடுத்தார். அடுத்த மாசம் கொலுசு எடை 30 கிராம் குறைகிறது என்று பற்றவைக்கப் பொடி வைக்கிற பையனை அடித்துத் துரத்தினார். தராசு இரண்டு நாளாகச் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். தலை நிமிராமல் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் இப்போது தட்டுவடை செட் வண்டி போட்டிருக்கிறான். இத்தனை வருஷமாக அவனைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவேன். கூத்து முடிந்து வந்த சாயங்காலம் நேரே வண்டிக்குப் போனேன். பார்த்ததுமே தெரிந்துகொண்டான். "காரச் சட்னி கூடப் போடட்டுமாண்ணா?" என்றான். காசு வாங்கவில்லை. தராசைப் பற்றிச் சொல்லப் போனவன், சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு மறுபடி போகிறேன். அந்தப் பெண்ணிடம் நீ பேசினாயா?

அப்பா