உச்சியில் சாகும் பைன் மரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பனிப்பாறைகள் உருகுவதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். சரி, வட அமெரிக்காவின் ராக்கி மலை உச்சிகளில் வளரும் வெண்பட்டைப் பைன் மரத்தைப் பற்றியும் எழுதுங்கள். அதன் கூம்பு முற்றினாலும் தானாக விரியாது. நட்கிராக்கர் என்ற சாம்பல் நிறப் பறவைதான் அலகால் கொத்திப் பிளந்து, விதைகளை நாக்கின் அடியில் உள்ள பையில் அடக்கிக்கொண்டு போய் மண்ணில் புதைக்கும். அது எடுக்காமல் விட்டவைதான் முளைக்கின்றன. என்ன அருமையான ஏற்பாடு!

வெளியிலிருந்து வந்த கொப்புளத் துரு என்ற பூஞ்சை நோயும், அங்கேயே உள்ள பட்டை வண்டும் இந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கின்றன. கனடா 2012இலேயே சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அமெரிக்கா 2022 வரை இழுத்தடித்தது. எனக்கு அதுதான் ஆறவில்லை. நோயைத் தாங்கி நிற்கும் மரங்களின் விதையெடுத்து இப்போது நடுகிறார்கள். அந்தக் கன்றுகள் காய்க்கத் தொடங்கவே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்