வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னால் வையுங்கள்

பர்மாவின் பெகு வட்டாரத்தில் கூலிக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் மிஷின்கார அண்ணன்மாருக்கு,

வணக்கம். போன ஆடி மழையில் 30 கோழி முட்டையும் 20 வாத்து முட்டையும் ஒரே நாளில் ஒரு மிஷினில் கொடுத்தேன். கோழிக்குஞ்சு 26 வந்தது. வாத்தில் மூன்றே மூன்று. மிச்சமெல்லாம் கூமுட்டை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள், வீட்டில் உடைத்துப் பார்த்தால் முழுசாக வளர்ந்த குஞ்சுகள் ஈரத்தோடு செத்துக் கிடக்கின்றன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரண்ட் நிற்கிற நிலையில், எண்ணெய் விற்கிற விலையில், தனித்தனி மிஷின் ஓட்டுங்கள் என்று யாரையும் கேட்க முடியாது. சேர்த்தே வையுங்கள். சூடு இரண்டுக்கும் ஒன்றுதான், காற்றாடி வைத்த மிஷினில் 37.5 டிகிரி. நாள்தான் வேறு: கோழிக்கு 21, வாத்துக்கு 28, மணிலா வாத்து (மஸ்கோவி) என்றால் 35.

ஒரே நாளில் வைத்தால் 18ஆம் நாள் கோழி முட்டைக்காகத் திருப்புவதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் நிரப்பி ஈரப்பதத்தை 65, 70 என்று ஏற்றுகிறீர்கள், ஆனால் வாத்து முட்டை 25ஆம் நாள் வரை புரண்டுகொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்காவது குறைந்து, காற்றறை பெரிதாக வேண்டும். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். நம்ம ஊர் மழையில் காற்றே நனைந்து கிடக்கிறது, அதற்கு மேல் பத்து நாள் தண்ணீரும் வைத்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே மூழ்கிப் போகும். அப்புறம் கோழி பொரித்த ஓடும் அழுக்கும் அந்தச் சூட்டில் கிடந்து கிருமி பெருகும். வாத்து முட்டையோ ஏற்கெனவே சேற்றில் கிடந்து வருவது, ஒன்று அழுகி வெடித்தால் பக்கத்து முட்டைகளும் போச்சு.

என் ஆயா மிஷினையே பார்த்ததில்லை. அடைக்கோழிக்கு அடியில் முதலில் வாத்து முட்டை வைத்து, சரியாக ஒரு வாரம் கழித்துத்தான் கோழி முட்டையைச் செருகுவார்கள். கோழிக்குஞ்சு முந்திக்கொண்டால் தாய் அதுகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடும், வாத்து முட்டை சில்லிட்டுப் போகும் என்பார்கள்.

அதையேதான் உங்களிடமும் கேட்கிறேன். வாத்து முட்டை ஏழு நாள் முன்னால், மணிலா வாத்து பதினாலு நாள் முன்னால். அப்படி வைத்தால் கடைசி மூன்று நாளும் எல்லா முட்டைக்கும் ஒன்றாகவே வரும், தண்ணீர் ஏற்றுவதும் ஒரே வேலை.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வாத்து முட்டை மட்டும் கொண்டு வருகிறேன். அந்த வாரம் வீட்டுக் கோழிகள் இடுகிற முட்டையைச் சேர்த்து அடுத்த வெள்ளி தருகிறேன், ஏழு நாளுக்குள் வைத்துவிட்டால் கரு கெடாது. இரண்டு தடவை மூடியைத் திறக்க வேண்டியிருக்கும், அதற்குக் கூலி கூடக் கேட்டாலும் சரி. யார் வைத்துத் தருவீர்கள் என்று சொல்லுங்கள்.