ஈஸ்ட்பரி மேனர் இல்லத்தின் கட்டடக்கலையை விளக்கும் தமிழ்க் கையேடு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிழக்கு லண்டனில் வாழும் தமிழ்ப் பெற்றோர்

பெறுநர்:
பாரம்பரியக் கட்டடங்கள் பிரிவு அலுவலர் அவர்கள்,
பார்க்கிங்–டாகனம் நகர மன்றம், லண்டன்

பொருள்: ஈஸ்ட்பரி மேனர் இல்லத்தின் கட்டட அமைப்பைத் தமிழில் விளக்கும் கையேடு வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் அப்னி ரயில் நிலையத்துக்கு அருகே, 20-ஆம் நூற்றாண்டில் எழுந்த குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் ஈஸ்ட்பரி மேனர் இல்லம், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1573-ஆம் ஆண்டையொட்டி கிளெமென்ட் சிஸ்லி என்பவருக்காகக் கட்டப்பட்டதாகும். 1539-இல் கலைக்கப்பட்ட பார்க்கிங் மடத்துக்கு உரியதாக இருந்த நிலத்தில் எழுந்த இம்மாளிகை, இடிபடும் அபாயத்திலிருந்து மீட்கப்பட்டு 1918-இல், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமையாயிற்று; இன்று முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

எங்கள் பிள்ளைகளுடன் வரும் தாத்தா பாட்டிகளில் பலர் ஆங்கிலம் வாசிக்க இயலாதவர்கள். ஆனால் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நன்கறிந்த அவர்களுக்கு இக்கட்டடத்தில் பார்க்க வேண்டியவை ஏராளம். நடுவே கூடமும் இருபுறமும் நீளும் சிறகுகளுமாக ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்த தரைத்திட்டம், மூன்று தளச் செங்கற்சுவர்கள், உயர்ந்த புகைபோக்கிகள் ஆகியவை ஏன் அவ்வாறு அமைந்தன என்பதைத் தங்கள் மொழியில் படித்தால் அவர்களே பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார்கள். முற்றத்தை ஒட்டி எழுப்பிய இரு படிக்கட்டுக் கோபுரங்களில் இன்று எஞ்சியிருப்பது ஒன்றே. அதனுள் சுழன்றேறும் ஓக் மரப் படிகள், அக்காலத் தச்சரின் கைத்திறனுக்கு நாங்கள் கண்ட மிகச் சிறந்த சான்று என்றே கருதுகிறோம். அந்தப் படிகளுக்குக் கையேட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

மேல்தளத்தில் உள்ள சுவரோவியங்களுக்கும் விளக்கம் இன்றியமையாதது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்த மீன்பிடிக் காட்சிகள் காரைப்பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. விரல்களின் எண்ணெய்ப்பசையும் உரசலும் நாளடைவில் வண்ணத்தை அழித்துவிடும். “தொடாதீர்கள்” என்று மட்டும் எழுதினால் குழந்தைகள் கேட்பதில்லை. தொட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் சொன்னால், உடன் வரும் பெரியவர்களே அவர்களைத் தடுப்பார்கள். பழைய செங்கற்சுவரில் சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் காரையையே ஏன் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வெளியேற விடுகிறது. சிமெண்டு அதைத் தடுப்பதால் செங்கல்லின் முகப்பு பொரிந்து உதிர்கிறது.

எனவே, மேற்கூறியவற்றை எளிய தமிழில், வரைபடங்களுடன் விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டு, நுழைவிடத்தில் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பையும் மெய்ப்புத் திருத்தத்தையும் ஊதியமின்றிச் செய்துதர எங்களில் சிலர் முன்வந்துள்ளனர். கட்டடக்கலைத் தகவல்களைத் தங்கள் துறையினர் சரிபார்த்து உதவினால் போதும். இது குறித்துத் தங்களை நேரில் சந்தித்துப் பேச ஒரு நாளைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிழக்கு லண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோர்